தானிய மணியை உருவாக்கும் படியெடுத்தல் காரணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் மாவட்டத்தில் ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் பக்கம் மக்காச்சோளமும், மானாவாரி மேட்டு நிலங்களில் சோளமும், பாசன நிலங்களில் நெல்லும், சேர்வராயன் மலைச் சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் விளைகின்றன. இவை அனைத்தும் புல் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் இவற்றின் மணி உருவாகும் முறை அடிப்படையில் ஒன்றுதான். தாவரவியலும் வேளாண்மையும் படிக்கும் மாணவர்களையும், தம் நிலத்தில் காண்பதற்குக் காரணம் தேடும் உழவர்களையும் மனத்தில் கொண்டு இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கிறேன். விடைகளை ஒன்றாக வைத்துப் படிப்பவருக்கு ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தென்படும்: மணிக்குள் இயங்கும் எந்தப் படியெடுத்தல் காரணியும் ஒரு பண்பை மட்டும் தனியாக நடத்துவதில்லை, ஒன்றைத் திருத்தினால் அதனோடு பிணைந்த மற்றொன்றும் அசையும்.

படியெடுத்தல் காரணி என்பது சரியாக என்ன?

செடியின் வேரிலும் இலையிலும் மணியிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே மரபணுத்தொகுதிதான். இருந்தும், சீன் என்னும் சேமிப்புப் புரதம் மக்காச்சோளத்தின் மணியில் குவிகிறது. அதே செடியின் இலையில் உருவாவதில்லை. எந்த மரபணு எங்கே, எப்போது, எந்த அளவுக்கு ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் ஊக்குவிப்பான் என்னும் டி.என்.ஏ. பகுதி உள்ளது. அதில் சில எழுத்துகளே கொண்ட குறுகிய வரிசைகள் பல அமைந்திருக்கும். அந்த வரிசைகளை அடையாளம் கண்டு பற்றிக்கொண்டு, படியெடுக்கும் நொதியை வரவழைக்கும் அல்லது வரவிடாமல் தடுக்கும் புரதங்களையே படியெடுத்தல் காரணிகள் என்கிறோம்.

ஒரு கிளை வாய்க்காலின் தலைமதகில் மூன்று நான்கு கதவுகள் இருந்து, அவற்றை வெவ்வேறு ஆட்கள் திறக்க வேண்டியிருந்தால், எல்லோரும் வந்த பிறகுதான் முழு நீரும் பாயும். சேமிப்புப் புரத மரபணுக்களின் ஊக்குவிப்பான் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகிறது. ஒரு காரணி மட்டும் வந்தால் சிறிதளவு படியெடுப்பு நடக்கும். மூன்று காரணிகள் சேர்ந்து அமர்ந்தால் அது பன்மடங்காகப் பெருகும்.

2005இல் வெளியிடப்பட்ட நெல் மரபணுத்தொகுதியில் 37,544 மரபணுக்கள் கணக்கிடப்பட்டன. அவற்றுள் படியெடுத்தல் காரணிகளைத் தருபவை ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவை. டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதியின் அமைப்பைக் கொண்டு அவற்றைக் குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். மணி வளர்ச்சியில் அடிக்கடி கேட்க நேரும் பெயர்கள் பி-சிப், டாஃப், மிப், பி3, நாக், மேட்ஸ், என்.எஃப்-ஒய் ஆகியவை.

பூத்த நாள் முதல் மணி முற்றும் வரை உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு மகரந்தக் குழாய் இரண்டு ஆண் அணுக்களைச் சூலுக்குள் கொண்டுவருகிறது. ஒன்று முட்டையோடு இணைந்து கருவாகிறது. மற்றது நடுவில் உள்ள இரண்டு உட்கருக்களோடு இணைந்து கருவூண் திசுவைத் தொடங்கிவைக்கிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் நவாஷினும் 1899இல் கினியாரும் கண்டறிந்தார்கள். கருவூண் திசுவில் தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. நாம் சோறாகவும் களியாகவும் உண்பது பெரும்பாலும் இந்தத் திசுவைத்தான்.

முதல் சில நாட்களில் கருவூண் உட்கருக்கள் சுவர் எழுப்பாமலே பெருகுகின்றன. நெல்லில் ஏறத்தாழ மூன்றாம் நாள் அளவில் சுவர்கள் எழத் தொடங்கி, தனித்தனி உயிரணுக்கள் பிறக்கின்றன. மணி எத்தனை உயிரணுக்களைக் கொள்ளும் என்பது இந்தத் தொடக்கக் காலத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுவதால், பூத்த முதல் வாரத்தில் வரும் கடும் வறட்சியும் வெப்பமும் செய்த இழப்பைப் பின்னால் நீர் பாய்ச்சி முழுதாக மீட்க முடிவதில்லை.

அடுத்து வருவது பால் பிடிக்கும் பருவம். இலையிலிருந்து சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மணிக்குள் இறங்கி மாவுச்சத்தாகவும் புரதமாகவும் மாறுகின்றன. மூன்றாவது, முற்றும் பருவம்: மணி நீரை இழக்கிறது, மாவுப் பகுதியின் உயிரணுக்கள் திட்டமிட்டபடி இறக்கின்றன, கருவும், மாவுப் பகுதியைச் சூழ்ந்த மெல்லிய அலுரோன் அடுக்கும் உயிரோடு உறங்குகின்றன. இந்த மூன்று பருவங்களுக்கும் வெவ்வேறு காரணிகள் பொறுப்பேற்கின்றன. முதல் பருவத்தில், வளரும் கருவூண் திசுவுக்கு இடம்விட்டுச் சூல்திசு கரைய வேண்டும். நெல்லில் அதை நடத்துவது மேட்ஸ்-29 என்னும் காரணி. அதை அடக்கிய செடிகளில் சூல்திசு கரையாமல் நின்று மணிகள் சுருங்கிப்போயின. நல்ல மகரந்தச் சேர்க்கை நடந்தும் மணி பதராக நிற்பதற்குத் தாய்த் திசுவும் காரணமாகலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஒரே கருவூண் திசுவிலிருந்து தவிட்டு அடுக்கும் மாவுப் பகுதியும் எப்படிப் பிரிகின்றன?

தீட்டும்போது தவிடாகப் போவதில் கனியுறையும் விதையுறையும் மட்டுமல்லாமல் கருவூண் திசுவின் வெளி அடுக்காகிய அலுரோனும் சேர்ந்திருக்கிறது. கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் இது ஒரே ஒரு உயிரணு அடுக்கு, வாற்கோதுமையில் மூன்று, நெல்லில் இடத்துக்கு ஏற்ப ஒன்று முதல் பல. எண்ணெய், வைட்டமின்கள், தாது உப்புகள் பெருமளவு இங்கே இருக்கின்றன.

ஓர் உயிரணு அலுரோனாகுமா மாவுப் பகுதியாகுமா என்பது அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. மேற்பரப்பில் நிற்கும் அணுவுக்கு வரும் குறிப்புகளை ஏற்றுச் செயல்படுத்தும் காரணிகளுள் மக்காச்சோளத்தின் ‘நேக்கட் எண்டோஸ்பெர்ம்’ 1, 2 என்ற இரட்டை மரபணுக்களின் புரதங்கள் முக்கியமானவை. இரண்டும் பழுதானால் ஒழுங்கான ஓர் அடுக்குக்குப் பதிலாகச் சரியாக உருவாகாத பல அடுக்குகள் தோன்றுகின்றன. இந்தக் காரணிகள், புரதச் சேமிப்பை நடத்தும் ஓபேக்-2, உறக்கத்தை நடத்தும் விவிபரஸ்-1 ஆகிய மரபணுக்களையும் இயக்குகின்றன. எனவே அடுக்கு அமைவது, புரதம் சேர்வது, மணி உறங்குவது ஆகிய மூன்றும் ஒரே வலையின் கண்ணிகள்.

மணியின் அடிப்பகுதியில், தாய்ச் செடியிலிருந்து உணவை உள்வாங்கும் கடத்து அணுக்கள் இருக்கின்றன. மக்காச்சோளத்தில் அவற்றை உருவாக்கும் காரணி எம்.ஆர்.பி-1. இதை ஆய்வாளர்கள் அலுரோன் அடுக்கில் வேண்டுமென்றே இயங்கவைத்தபோது, அங்கிருந்த அணுக்கள் கடத்து அணுக்களின் உருவத்தைப் பெற்றன. காரணியின் இயக்கம் நீடிக்காதபோது அவை பழைய நிலைக்குத் திரும்பின. ஒரு புரதம் ஓர் அணுவின் தன்மையையே தீர்மானிக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தானியங்களில் அரிது.

மக்காச்சோளத்தின் புரதத் தரத்துக்கும் ஓபேக்-2 என்ற காரணிக்கும் என்ன தொடர்பு?

நம் மாவட்டத்து மக்காச்சோளம் பெருமளவு கோழித் தீவனத்துக்குச் செல்வதால் இந்தக் கேள்வியை விரிவாகவே பார்க்கலாம். மக்காச்சோளக் கருவூண் புரதத்தில் பாதிக்கும் மேற்பட்டது சீன். சீனில் லைசின் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. கோழித் தீவனத்தில் லைசினைத் தனியே சேர்க்க வேண்டியிருப்பதற்கும், மக்காச்சோளத்தையே முதன்மை உணவாக உண்ணும் நாடுகளில் குழந்தைகள் புரதக் குறைவால் வாடியதற்கும் இது ஒரு காரணம்.

1964இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மெர்ட்ஸ், பேட்ஸ், நெல்சன் ஆகிய மூவரும் ஒரு பழைய மரபுப்பிறழ்வைப் பகுத்துப் பார்த்தார்கள். ஒளி ஊடுருவாத, மாவு போன்ற மணிகளைத் தந்ததால் அது ஓபேக்-2 என்று அறியப்பட்டிருந்தது. சாதாரண மணியின் கருவூணில் 100 கிராம் புரதத்துக்கு 2 கிராம் அளவில் இருந்த லைசின், இதில் சுமார் 3.4 கிராம் இருந்தது. இந்த மரபணு 1987இல் பிரித்தெடுக்கப்பட்டது. அது பி-சிப் குடும்பத்துப் படியெடுத்தல் காரணி ஒன்றைத் தருகிறது என்பது பின்னர் தெளிவானது. மகரந்தச் சேர்க்கைக்குச் சுமார் 10 நாட்களுக்குப் பிறகு கருவூண் திசுவில் தோன்றி, 22 கிலோ டால்டன் எடையுள்ள ஆல்ஃபா சீன் மரபணுக்களின் ஊக்குவிப்பானைப் பற்றி அவற்றைத் தட்டியெழுப்புவது இதன் பணி.

ஓபேக்-2 பழுதானால் இரண்டு விளைவுகள் சேர்ந்து வருகின்றன. லைசின் இல்லாத சீன் குறைகிறது. அதன் இடத்தை லைசின் உள்ள பிற புரதங்கள் நிரப்புகின்றன. அதோடு, லைசினைச் சிதைக்கும் நொதியின் மரபணுவையும் ஓபேக்-2தான் இயக்குகிறது என்பதால் அந்தச் சிதைவும் குறைகிறது. இதுவரை நன்மைதான். ஆனால் மாவுச்சத்து உருவாக்கத்துக்குத் தேவையான சில நொதிகளையும் இதே காரணி இயக்குவதால், மணி மென்மையாகவும் எடை குறைந்தும் போகிறது, மெதுவாகக் காய்கிறது, சேமிப்பில் வண்டுக்கு எளிதில் இரையாகிறது. இந்தியாவில் 1971இல் சக்தி, ரத்தன், புரோட்டினா என்ற மூன்று ஓபேக்-2 கூட்டு ரகங்கள் வெளியிடப்பட்டன. சத்து இருந்தும் அவை பரவாமல் போனதற்கு மென்மையான மணி முக்கியக் காரணம்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்கள் மெக்சிகோவில் உள்ள சிம்மிட் நிறுவனத்தின் சுரிந்தர் வாசலும் எவாஞ்செலினா வியேகாசும். ஓபேக்-2 பிறழ்வை அப்படியே வைத்துக்கொண்டு, மணியை மறுபடியும் கடினமாக்கும் துணை மரபணுக்களைப் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தார்கள். அந்தத் துணை மரபணுக்களின் வேலையில் பெரும்பகுதி காமா சீன் என்னும் மற்றொரு புரதத்தை மிகுதியாக்குவது என்று பின்னால் அறியப்பட்டது. தரமான புரத மக்காச்சோளம் என்று அழைக்கப்படும் இந்த வகைக்காக இருவருக்கும் 2000ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அல்மோராவில் உருவாகி 2008இல் வெளிவந்த விவேக் கியூ.பி.எம்-9 என்ற நம் நாட்டு ஒட்டு ரகமும் இதே வழியில் வந்தது. ஒரு காரணியை நிறுத்துவது ஒரே பிறழ்வில் முடிந்தது; நிறுத்தியதால் வந்த பக்கவிளைவைச் சீர்செய்யப் பல ஆண்டுகள் பிடித்தன. மரபணுத் திருத்தம் பற்றிய ஆர்வம் மிகுந்திருக்கும் இக்காலத்தில் மாணவர்கள் மறக்கக் கூடாத வரலாறு இது என்று கருதுகிறேன்.

நெல்லிலும் இதே போன்ற காரணி உண்டா?

உண்டு. ஓபேக்-2க்கு உறவான ரிஸ்பிசட்-1 என்ற பி-சிப் காரணியும், டாஃப் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்.பி.பி.எஃப். என்ற காரணியும் குளூட்டலின் உள்ளிட்ட சேமிப்புப் புரத மரபணுக்களை நடத்துகின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் அடக்கியபோது விளைவு சிறிதாகவே இருந்தது. இரண்டையும் அடக்கியபோது சேமிப்புப் புரதம் பெரிதும் சரிந்தது. ஒன்று தளரும்போது மற்றொன்று ஈடுசெய்வதே இதற்குக் காரணம். ஒரே ஒரு மரபணுவை முடக்கிவிட்டு “மாற்றம் இல்லை, ஆகவே இதற்கு வேலை இல்லை” என்று முடிவுகட்டுவது ஆய்வில் எவ்வளவு பெரிய பிழையாகும் என்பதை இது காட்டுகிறது.

மணியில் மாவுச்சத்து சேர்வதையும், அரிசியில் வெண்திட்டு விழுவதையும் எவை தீர்மானிக்கின்றன?

மாவுச்சத்துக்கு மூலப்பொருள் இலையிலிருந்து வரும் சுக்ரோஸ். நெல்லில் என்.எஃப்-ஒய்.பி.1 என்ற காரணி அலுரோன் அடுக்கில் இயங்கி, சுக்ரோஸை உள்ளே கடத்தும் புரதங்களின் மரபணுக்களைத் தூண்டுகிறது. அதை அடக்கிய செடிகளின் மணி சரியாக நிரம்பாமல், ஒளி புகாத வெண்திட்டோடு முற்றியது. உள்ளே வந்த சர்க்கரையை மாவுச்சத்தாக்கும் நொதிகளின் மரபணுக்களை நாக்-20, நாக்-26 போன்ற காரணிகள் தூண்டுகின்றன, ஆர்.எஸ்.ஆர்.1 என்ற காரணி அதே வகை மரபணுக்களைக் கட்டுப்படுத்தி வைக்கிறது. தூண்டுபவையும் அடக்குபவையும் ஒரே நேரத்தில் இருப்பது வீணான ஏற்பாடு போலத் தோன்றலாம். ஆனால் இலையின் வரத்து நாளுக்கு நாள் மாறும்போது அளவைச் சரிசெய்துகொள்ள இரண்டும் வேண்டும்.

வெண்திட்டு என்பது மாவுத் துகள்கள் நெருக்கமாக அடையாமல் இடையில் காற்றிடைவெளி விழுந்த பகுதி. பால் பிடிக்கும் பருவத்தில் வெப்பம் மிகுந்தால் இது கூடுகிறது. மாவுச்சத்தைக் கட்டும் நொதிகளின் மரபணுக்கள் தளர்வதும், அதைச் சிதைக்கும் அமைலேஸ் மரபணுக்கள் பருவம் தப்பி விழிப்பதும் இதற்குக் காரணங்களாக ஜப்பானிய ஆய்வுகளில் காட்டப்பட்டுள்ளன. கோடை நெல்லை அரைக்கும்போது குருணை மிகுவதைக் கண்டிருப்பவர்கள், அறுவடை ஈரப்பதத்தோடு மணி நிரம்பிய நாட்களின் இரவு வெப்பத்தையும் கணக்கில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அறுவடைக்கு முன் மழை பிடித்தால் சில ரகங்கள் கதிரிலேயே முளைக்கின்றன, சில முளைப்பதில்லை. ஏன்?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முற்றிய சோளக் கதிரும் நெற்கதிரும் நனைந்து நிற்பது இப்பகுதிக்குப் புதிதல்ல. அப்போது முளைப்பதும் முளைக்காததும் மணியின் உறக்கத்தைப் பொறுத்தவை. முற்றும் பருவத்தில் மணிக்குள் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் கூடுகிறது. அந்தச் செய்தியை மரபணுக்களுக்குக் கொண்டுசேர்ப்பதில் முதலிடம் விவிபரஸ்-1 என்ற பி3 குடும்பக் காரணிக்கு உண்டு. மக்காச்சோளத்தில் இது பழுதான செடிகளின் மணிகள், தாய்ச் செடியில் இருக்கும்போதே கதிரில் முளைவிடுகின்றன. அப்சிசிக் அமிலம் போதுமான அளவு இருந்தும் அதைக் கேட்பதற்கு ஆள் இல்லாத நிலை அது.

விவிபரஸ்-1 இரண்டு வேலைகளைச் செய்கிறது. முற்றும் பருவத்துக்குரிய மரபணுக்களை, உலர்வைத் தாங்க உதவும் புரதங்களின் மரபணுக்கள் உட்பட, இயக்குகிறது. முளைக்கும்போது மாவைக் கரைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் மரபணுவை அடக்கியும் வைக்கிறது. நெல்லில் இதற்கு இணையான காரணி, டிராப்-1 என்ற பி-சிப் காரணியோடு கைகோத்தே ஊக்குவிப்பானில் இயங்குகிறது. விவிபரஸ்-1 பழுதுக்கு நிறத்திலும் ஓர் அடையாளம் உண்டு: அலுரோனில் ஊதா நிறமியைத் தூண்டும் சி-1 என்ற மிப் காரணியின் மரபணுவையும் இதுவே இயக்குவதால், நிறமுள்ள வகைகளில் பழுதான மணி நிறமிழந்து நிற்கும்.

கோதுமையில் செய்தது நமக்கு ஓர் எச்சரிக்கை. இன்றைய கோதுமை ரகங்களில் விவிபரஸ்-1 மரபணுவின் ஆர்.என்.ஏ. பல இடங்களில் தவறாக வெட்டி ஒட்டப்படுவதால் முழுமையான புரதம் குறைவாகவே கிடைக்கிறது. மழையில் கதிரிலேயே முளைக்கும் இயல்புக்கு இது ஒரு காரணமாகக் காட்டப்பட்டுள்ளது. விதைத்தவுடன் எல்லாம் ஒன்றாக முளைக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால் உறக்கம் குறைவதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். நான் உழவர்களுக்குச் சொல்வது இதுதான்: மழை பிடிக்கும் பட்டத்தில் விதைக்க ரகம் தேர்ந்தெடுக்கும்போது, விளைச்சலோடு விதை உறக்க நாட்களையும் கேட்டு வாங்குங்கள். உறக்கமே இல்லாத ரகம் முற்றியிருந்தால், அதைக் கதிரில் விட்டு வைக்காமல் வெயில் கிடைக்கும் முதல் நாளில் அறுத்து உலர்த்துவதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த நிலையில் தெளிப்பதற்கு மருந்து எதுவும் கிடையாது.

முளைகட்டும்போது இனிப்பு வருவதும் இதே காரணிகளாலா?

எதிர்த்திசைக் காரணிகளால். ஊறிய மணியில் கருவிலிருந்து ஜிப்ரலின் ஹார்மோன் புறப்பட்டு அலுரோனை அடைகிறது. அங்கே டெல்லா என்னும் தடுப்புப் புரதம் அழிக்கப்பட, ஜி.ஏ.மிப் என்ற காரணி எழுகிறது. அது ஆல்ஃபா அமைலேஸ் ஊக்குவிப்பானில் டி-ஏ-ஏ-சி-ஏ-ஏ-ஏ என்ற வரிசையைப் பற்றுகிறது. வெளிவரும் அமைலேஸ் மாவைச் சர்க்கரையாக உடைக்கிறது. இந்த வழி வாற்கோதுமையில் நுணுக்கமாக ஆராயப்பட்டது. எல்லாத் தானியத்துக்கும் அதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. சோளத்தில் அமைலேஸின் பெரும்பங்கு அலுரோனிலிருந்து வராமல், கருவின் ஒரு பகுதியான ஸ்குட்டெல்லத்திலிருந்து வருகிறது.

சிவப்பரிசி, கருப்புக் கவுனி, செஞ்சோளம் ஆகியவற்றின் நிறமும் படியெடுத்தல் காரணிகளால் வருவதா?

ஆம். மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசிகளின் நிறத்துக்குத் தேவையான ஆர்.சி. மரபணு ஒரு படியெடுத்தல் காரணியைத் தருகிறது. பெரும்பாலான வெள்ளை அரிசி ரகங்களில் இந்த மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டுள்ளதால் காரணி முழுமையாக உருவாவதில்லை. ஆர்.சி. நிறத்தோடு நின்றுவிடவில்லை, அப்சிசிக் அமில உற்பத்தியையும் தூண்டி விதை உறக்கத்தை ஆழமாக்குகிறது. நம் முன்னோர் வெள்ளை மணியைத் தேர்ந்தபோது, அறியாமலே உறக்கத்தின் ஒரு பகுதியையும் இழந்தார்கள். வயலில் களையாக வளரும் சிவப்பு நெல் ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்து முளைப்பதற்கு இந்தப் பிணைப்பும் காரணம்.

கருப்பு அரிசியின் கதை வேறு. அதன் காலா-4 என்ற காரணிப் புரதம் புதிதல்ல. அந்த மரபணுவின் ஊக்குவிப்பானில் நேர்ந்த மறுசீரமைப்பால், வழக்கமாக இயங்காத கனியுறையில் அது இயங்கத் தொடங்கியது. புரதம் மாறாமல், அது இயங்கும் இடம் மட்டும் மாறி ஒரு புதிய அரிசி பிறந்தது. செஞ்சோளத்தின் கனியுறையில் நிறமியைத் தூண்டுவது மிப் குடும்பத்து ஒரு காரணி.

கனியுறை தாயின் திசு என்பதால், செஞ்சோளத்தின் அருகில் வெள்ளைச் சோளம் பூத்தாலும் அந்த ஆண்டு வெள்ளைக் கதிரின் நிறம் மாறாது. அடுத்த தலைமுறையில்தான் கலப்பு தெரியும். மக்காச்சோளத்தில் ஊதா நிறம் அலுரோனில், அதாவது தந்தையின் பங்கும் உள்ள திசுவில், வருகிறது. அதனால் ஒரே கதிரில் வெவ்வேறு நிற மணிகள் அந்த ஆண்டே தோன்றுகின்றன. விதை உற்பத்தி செய்பவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தால் கலப்பைக் கண்டுபிடிப்பது எளிது.

மணியின் அளவை எவை முடிவுசெய்கின்றன?

நெல்லில் மணியின் அளவு பெருமளவு உமி எவ்வளவு விரிகிறது என்பதைப் பொறுத்தது. ஜி.டபிள்யு.8 என்ற காரணி மிகுதியாக இயங்கினால் மணி அகலமாகும். பாசுமதியில் அதன் ஊக்குவிப்பான் மாறியிருப்பதால் மணி ஒல்லியாகிறது. ஜி.ஆர்.எஃப்-4 மணியை நீட்டிப் பெரிதாக்கும். அதை மிர்-396 என்ற சிறு ஆர்.என்.ஏ. கட்டுக்குள் வைத்திருக்கும்.

விதைக்கு வெளியே இயங்கும் காரணி மணியைப் பாதிக்குமா?

பாதிக்கும். காட்டு எம்மர் கோதுமையிலிருந்து அறியப்பட்ட நாம்-பி1 என்ற நாக் காரணி பெரும்பாலும் இலையில் இயங்குகிறது. அது இலை பழுப்பதை விரைவுபடுத்தி, இலையில் இருந்த நைட்ரஜன், துத்தநாகம், இரும்பு ஆகியவற்றை மணிக்கு அனுப்புகிறது. 2006இல் வெளியான ஆய்வில், இதையும் இதன் உறவு மரபணுக்களையும் அடக்கிய கோதுமையில் இலைகள் மூன்று வாரங்களுக்கும் மேலாகப் பச்சையாக நின்றன. மணியின் புரதமும் துத்தநாகமும் இரும்பும் 30 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. அறுவடை வரை தட்டு பசுமையாக இருக்க வேண்டும் என்று மாட்டுத் தீவனத்துக்காக விரும்புவது நியாயமே. அந்தப் பசுமையில் மணிக்குச் சேர வேண்டிய சத்தின் ஒரு பங்கு தங்கிவிடலாம் என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

சேர்வராயன் மலையில் விளையும் சாமை, கேழ்வரகு, தினை பற்றி இந்தத் துறையில் என்ன தெரியும்?

நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் நடந்த ஆய்வோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். தினையின் மரபணுத்தொகுதி 2012இலும் கேழ்வரகின் மரபணுத்தொகுதி 2017இலும் வெளியாயின. கேழ்வரகு நான்மடியம், அதாவது நான்கு தொகுதிகளாக 36 குரோமோசோம்கள் கொண்டது. ஒவ்வொரு காரணிக்கும் குறைந்தது இரண்டு பிரதிகள் இருக்கக்கூடும் என்பதால், நெல்லில் ஒன்றைப் பழுதாக்கிப் பார்ப்பது போல இதில் பார்ப்பது எளிதல்ல. ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் வழிவழியாக விதைத்துவரும் சாமையும் கேழ்வரகும், மழையில் முளைக்கும் இயல்பிலும் மணி உதிரும் இயல்பிலும் முற்றும் காலத்திலும் ஒன்றுக்கொன்று வேறுபடலாம். அந்த வேறுபாடுகளின் பின்னால் எந்தக் காரணியின் எந்த ஊக்குவிப்பான் மாறியிருக்கிறது என்பதைக் கண்டறிய விதை இருக்க வேண்டும். சோளத்தில் மணி உதிராமல் நிற்கும் பண்பு எஸ்.எச்-1 என்ற யாபி குடும்பக் காரணியில் நேர்ந்த மாற்றங்களால் வந்தது என்று 2012இல் காட்ட முடிந்ததற்கு, பழைய ரகங்களும் காட்டு வகைகளும் பாதுகாக்கப்பட்டிருந்ததே அடிப்படை. ஆகவே மலையில் கிடைக்கும் ஒவ்வொரு பழைய விதையையும் ஊர்ப்பெயரோடும் விதைப்புக் காலத்தோடும் குறித்துச் சேமிப்பது, ஆய்வகம் தொடங்கும் முன்னரே செய்ய வேண்டிய ஆய்வு வேலை.

மரபணுத் திருத்தத்தால் இந்தக் காரணிகளை மாற்றிய பயிர் இந்தியாவில் வந்துவிட்டதா?

2025 மே மாதம் இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 என்பது எம்.டி.யு. 1010 ரகத்தில் டி.எஸ்.டி. என்னும் மரபணுவைத் திருத்தி உருவாக்கப்பட்டது. டி.எஸ்.டி. ஒரு துத்தநாக விரல் படியெடுத்தல் காரணி. அது வறட்சியையும் உவரையும் தாங்கும் திறனைக் குறைத்துவைப்பது, கதிரில் மணிகளின் எண்ணிக்கையோடும் தொடர்புள்ளது. அயல் மரபணு எதுவும் இறுதிச் செடியில் இல்லாத திருத்தங்களுக்கு 2022இல் விதிகள் தளர்த்தப்பட்டதால் இது இயன்றது. என் கருத்து: முழுக் காரணியையும் பழுதாக்குவதைவிட, அதன் ஊக்குவிப்பானில் சிறு மாற்றம் செய்து இயக்கத்தின் அளவைக் கூட்டிக் குறைப்பதே மணிப் பண்புகளுக்கு ஏற்ற வழி. பாசுமதியின் ஒல்லி மணியும் கருப்பரிசியின் நிறமும் இயற்கையில் அந்த வழியில்தான் வந்தன.

பெரிய கருவிகள் இல்லாத கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்கள் இதில் எதையாவது கண்ணால் காண முடியுமா?

ஜிப்ரலின் தூண்டலும் அப்சிசிக் அமிலத்தின் தடுப்பும் ஒரு பெட்ரித் தட்டிலேயே தெரியும். வாற்கோதுமை அல்லது நெல் மணியைக் குறுக்கே வெட்டிக் கரு இருக்கும் பாதியை நீக்கிவிடுங்கள். கருவற்ற பாதிகளைக் கிருமி நீக்கி, ஊறவைத்து, மாவுச்சத்து கலந்த அகாரில் வெட்டிய பக்கம் கீழே படும்படி வையுங்கள். ஒரு தட்டின் அகாரில் எதுவும் சேர்க்காதீர்கள். இரண்டாவதில் ஜிப்ரெலிக் அமிலமும், மூன்றாவதில் ஜிப்ரெலிக் அமிலத்தோடு அப்சிசிக் அமிலமும் சேருங்கள். இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகு மணிகளை எடுத்துவிட்டு அயோடின் கரைசலை ஊற்றினால் அகார் கருநீலமாகும். இரண்டாவது தட்டில் மட்டும் மணி இருந்த இடத்தைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும். அங்கே அலுரோனிலிருந்து வந்த அமைலேஸ் மாவைக் கரைத்துவிட்டது. மூன்றாவதில் அந்த வட்டம் மிகச் சிறிதாகவோ இல்லாமலோ இருக்கும். அதே சோதனையைச் சோளத்திலும் கேழ்வரகிலும் செய்து, வட்டத்தின் விட்டத்தை அளந்து பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சோளத்தில் வட்டம் சரியாக விழாவிட்டால் அதையும் பிழை என்று ஒதுக்காமல் குறித்து வையுங்கள். அதற்கான காரணம் மேலே ஸ்குட்டெல்லம் பற்றிச் சொன்ன இடத்தில் இருக்கிறது.